அப்பாவின் கவிதைகளை அச்சிட்ட சிவகாசி அச்சகம்

அப்பாவின் கவிதைகளை 500 பிரதி போடத்தான் சிவகாசியில் அந்தச் சின்ன ஆஃப்செட் அச்சகத்துக்குப் போனேன். 148 பக்கம் என்றதும் அச்சக அண்ணாச்சி, "பாரம்னா சேர்த்து அச்சாகி மடிக்கிற ஒரு தாள், அதுல 16 பக்கம்மா. ஒன்பது பாரத்துல 144 முடிஞ்சிடும். மிச்ச நாலு பக்கத்துக்குத் தனியா அச்சு பிளேட் போடணும்" என்றார். வெற்றுப் பக்கங்களைக் குறைத்து 144 ஆக்கினோம். தனக்கு வரும் வேலையைத் தானே குறைத்துச் சொன்னாரே, அந்த மனசு பெரிது.

அட்டையின் பச்சை கணினியில் பளபளத்தது. திரை ஒளியால் நிறம் காட்டும், தாளில் நான்கு மைதான், கொஞ்சம் மங்கும் என்று முதலிலேயே சொல்லி புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துக் காட்டினார். ஓரத்தில் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் நிறம்) விடாததையும் அவரே சரிசெய்தார். இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரிந்திருக்கும். எழுத்துக்கு நான்கு மையையும் கலக்காமல் தனிக் கறுப்பு மட்டும் போட்டதால் 'ஃ' புள்ளிகள்கூடக் கூர்மையாக விழுந்திருக்கின்றன.

உள்ளே 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள், அட்டைக்குப் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன். குறை என்றால், சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதம். சில பிரதிகளில் முதுகு எழுத்து லேசாக விலகியிருக்கிறது. ஆனாலும் அடுத்த தொகுப்பும் அங்கேதான்.