பாஸ்வேர்டுக்கெல்லாம் ஒரே பூட்டு

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கடையில் என் போனை டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தேன். ரசீதில் பெயர், நம்பர் எழுதிக்கொண்ட தம்பி, "லாக் பின் சொல்லுங்க சார்" என்றார். மாற்றியதும் டச் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவர் மேல் தப்பில்லை, பல கடைகளில் இதுதான் வழக்கம். நான் சொல்லவில்லை. வேலை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து, நானே திறந்து காட்டினேன். அந்த ஆறு இலக்கம் தெரிந்தால் போதும், சேமித்து வைத்த அத்தனை பாஸ்வேர்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துவிடலாம். மொத்தமாக ஒரே ஃபைலாகக்கூட வெளியே எடுக்கலாம், பூட்டில்லாத வெறும் எழுத்தாக. பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானாக நிரப்பித் தரும், போனோடு கூடவே வரும் பாஸ்வேர்டு மேனேஜரோடு எனக்கு வருஷக்கணக்கான தகராறு இதுதான்.

மற்றபடி அதைக் குறை சொல்ல வாய் வராது. ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்குத் திறக்கும்போது மன்னை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்குத் தெரியும், லாகின் தானாக நிரம்புவது எவ்வளவு பெரிய உபகாரம் என்று. அதைவிட நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது என்று ஒரு லிங்க் வந்தது. திறந்தால் லோகோ, நிறம், எழுத்து எல்லாம் அசல் மாதிரியே இருந்தது. பாஸ்வேர்டு கட்டத்தைத் தொட்டேன், வழக்கமாக எட்டிப்பார்க்கும் என் லாகின் பெயர் வரவே இல்லை. மேனேஜர் பக்கத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை, இணைய முகவரியைப் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வாயைத் திறக்காது. மனுஷக் கண் ஏமாறுகிற இடத்தில் அது ஏமாறவில்லை. அன்றைக்கு அதன் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சரி, பூட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் போன் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்ட அப்பா இ-சேவை மையத்தில் நிற்பார். ஓடிபி வீட்டில் சார்ஜில் கிடக்கும் என் போனுக்கு வரும். அம்மாவோ அக்கா பையனோ திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் பின் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் ஆக வேண்டும். கைரேகை வைத்துக்கொள் என்பார்கள். சேற்றிலும் வைக்கோலிலும் தேய்ந்த விரல் அம்மாவுக்கு. ரேஷன் கடை மெஷினிலேயே விரல் மாற்றி விரல் வைத்துப் பார்க்கிறார். அப்படியே ரேகை விழாவிட்டாலும் போன் அடுத்துக் கேட்பது அதே பின்னைத்தான். அப்புறம் ரேகை எதற்கு?

கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2024 ஜனவரியில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 17.3 பதிப்பில் ஒரு பாதுகாப்பு வந்தது. அதை ஆன் செய்தால், பழகிய இடத்தை விட்டு வெளியே போன பிறகு பின்னை மட்டும் வைத்துப் பாஸ்வேர்டைப் பார்க்க முடியாது, முகமோ விரலோ வேண்டும். திருடனுக்கு எதிராக நல்ல ஏற்பாடு. ஆனால் பழகிய இடம் என்றால் வீடு, எனக்குத் தனிப் பூட்டு வேண்டியது வீட்டுக்குள்தான். சாம்சங்கில் 2022-லேயே மெயின்டெனன்ஸ் மோட் வந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது படம், மெசேஜ், கணக்கு எல்லாவற்றையும் மறைத்துவிடும். அருமைதான். டச் செத்துப்போன போனில் அதை எப்படி ஆன் செய்வது?

பிட்வார்டன் போன்ற தனிப் பாஸ்வேர்டு செயலிகளில், பட்டியலைத் திறக்க மாஸ்டர் பாஸ்வேர்டு என்று ஒன்று தனியாக உண்டு. நான் கேட்பது அதைத்தான். ஆனால் அதை மறந்துவிட்டால் அந்தக் கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது. வீட்டு வேலை பாதி என் போனில் நடக்கிறபோது எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. வங்கிக் கணக்குகளை மட்டும் மேனேஜரிலிருந்து அழித்துவிட்டேன், அவை மனப்பாடம். என் தம்பியின் பிஎஃப், ரயில், கரண்ட் பில் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

மன்னார்குடி நண்பர் ஒருவர் புதுப் போன் வாங்கிவிட்டு, பாஸ்வேர்டையெல்லாம் இதில் வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வையுங்கள் என்றேன், போலி லிங்க் விஷயம் ஒன்றுக்காகவே. மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். பாஸ்வேர்டு பட்டியலுக்கென்று வேறொரு பின் வைக்க ஒரே ஒரு வசதி, அதைக் கொடுக்கட்டும், மீதி மூன்றையும் அன்றைக்கே சேர்த்துக் கொடுக்கிறேன்.