லுவார் நதி, மிடி கால்வாய், மோர்வான் காடு: பிரான்சில் சைக்கிளை எங்கே ஓட்டுவது?

பிரான்சின் கிராமப்புறத்தைச் சைக்கிளில் சுற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்து பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்று வந்துவிடும்: லுவார் நதி, இல்லையென்றால் மிடி கால்வாய். இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, இரண்டும் படத்தில் பார்த்தாலே கிளம்பத் தோன்றுபவை. ஆனால் பின்னால் பத்துப் பதினைந்து கிலோ மூட்டையோடு நாள் முழுக்க மிதிக்கிறவருக்கு வேறு சில கேள்விகள்தான் முக்கியம். டயருக்குக் கீழே தாரா மண்ணா? தலைக்கு மேல் நிழல் உண்டா? காற்று எந்தப் பக்கம்? வண்டி மக்கர் செய்தால் ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? இவற்றை வைத்துப் பார்த்தால், பேர் வாங்கிய வழிகளின் வரிசை கொஞ்சம் கலைகிறது.

முதலில் லுவார். நெவேர் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கி.மீ. நீளும் சைக்கிள் வழி இது. ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 தடத்தின் ஒரு துண்டும்கூட. வழிகாட்டிப் பலகைகள் ஒழுங்காக இருக்கும், ஏற்றம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, சைக்கிள்காரர்களை எதிர்பார்த்தே நடத்தும் விடுதிகளும் முகாம் திடல்களும் வழி நெடுக உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள், இதுவரை சுமையோடு ஓட்டியே பழகாதவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம். கோடையில் ஓர்லியானுக்கும் நாந்துக்கும் இடையே நிறைய சைக்கிள்களை ஏற்றும் ரயில்கள் ஓடுகின்றன. கால் ஓய்ந்துவிட்டால் ஏறிக்கொள்ளலாம்.

அரண்மனைகள் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஷாம்போரைச் சைக்கிளில் போய்ப் பார்ப்பது தனி. ப்ளுவாவிலிருந்து 15 கி.மீ. சொச்சம்தான். அரண்மனையைச் சுற்றி 5,440 ஹெக்டேர் காடு, அதைச் சுற்றி 32 கி.மீ. மதில். பேருந்தில் வருகிறவர்கள் வாகன நிறுத்தத்தில் இறங்கிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சைக்கிள்காரருக்குத்தான் மதில் வாசலில் நுழைந்து மான்களும் காட்டுப்பன்றிகளும் திரியும் காட்டைக் கடந்து அந்தக் கூரையை எட்டும் வாய்ப்பு.

லுவாரின் குறை இரண்டு. ஒன்று நிழல். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மண்கரையின் மேலேயே பாதை நெடுந்தூரம் போவதால், ஜூலை மதியத்தில் வெயில் நேராக மண்டையில் இறங்கும். இரண்டாவது காற்று. வழக்கமாக அடிப்பது மேல்காற்று. நதியோடு கடலை நோக்கிப் போவதுதான் இயல்பு என்று நினைத்துக் கிழக்கிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பல நாள் எதிர்காற்றுதான் துணை. கடற்கரைப் பக்கம் ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பி வருவது புத்திசாலித்தனம். சரிவு மிகக் குறைவு என்பதால் நீரோட்டத்துக்கு எதிராகப் போகிறோம் என்பது காலுக்கே தெரியாது.

இனி கால்வாய்கள். அலச வேண்டிய விஷயம் இங்கேதான் அதிகம்.

அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் நீர்வழி ஒரே கால்வாய் அல்ல. தூலூஸ் நகரிலிருந்து கிழக்கே செத் துறைமுகத்தை ஒட்டிய காயல் வரை போவது மிடி கால்வாய், 240 கி.மீ. மேற்கே போவது கரோன் கால்வாய், 193 கி.மீ. மிடி 1666-இல் தொடங்கி 1681-இல் திறக்கப்பட்டது. உப்பு வரி வசூலில் பணம் சேர்த்த பியேர் போல் ரிக்கே என்பவர் சொந்தக் காசையும் கொட்டிக் கட்டினார்; திறப்பதற்குச் சில மாதம் முன்பு, 1680-இல் இறந்துபோனார். கரோன் கால்வாய் முழுமையானது 1856-இல். அதற்குள் ரயில் வந்துவிட்டதால், பிறந்தபோதே அதன் காலம் முடிந்திருந்தது.

எல்லாரும் ஓடுவது மிடிக்கு. பொறியியல் பிடிக்கும் என்றால் ஓடலாம், தப்பில்லை. நொருஸ் மேட்டில், கருமலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஒரு பங்கு ஒரு கடலுக்கும் மறு பங்கு மறு கடலுக்கும் போகிறது. பெசியே நகருக்கு வெளியே ஃபோன்செரானில் படகுகள் அடுத்தடுத்த தண்ணீர்த் தொட்டிகள் வழியாகப் படிப்படியாக ஏறி இறங்குவதைக் கரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்கலாம். இந்தத் தொட்டிகளை லாக் என்பார்கள். மிடியின் லாக்குகள் நீள்வட்ட வடிவில் இருக்கும். மண்ணின் அழுத்தத்தைச் சுவர் தாங்குவதற்காக அப்படிக் கட்டினார்கள்.

ஆனால் பாதை? தூலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. சுகமான தார். மாவட்ட எல்லையைத் தாண்டி ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. நெடுந்தூரம் மண் தடம், பல இடங்களில் மரவேர் புடைத்த ஒற்றையடிப் பாதை. மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். மெல்லிய டயரோடு வந்தவர்கள் பக்கத்துச் சாலைக்கு ஏறிவிடுகிறார்கள். 40 மி.மீ. டயர் இல்லாமல் நான் யாரையும் அங்கே அனுப்ப மாட்டேன். சில துண்டுகளைச் சீர்செய்திருக்கிறார்கள், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

நிழல் விஷயத்திலும் மிடிக்கு அடி. அதன் புகழ்பெற்ற படங்களில் இரு கரையும் வளைந்து கைகோத்து நிற்கும் பிளேன் மரங்கள் சுமார் 42,000 இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிகளோடு ஐரோப்பாவுக்கு வந்ததாகக் கருதப்படும் ஒரு பூஞ்சை நோய், 2006-இல் கால்வாய் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து இல்லை, நோய் கண்ட மரத்தையும் அண்டை மரங்களையும் வெட்டி எரிப்பதுதான் வழி. ஆயிரக்கணக்கில் வெட்டியாயிற்று. வேறு வகை மரங்களை நட்டு வருகிறார்கள், அவை குடை பிடிக்க இன்னும் காலமாகும். பழைய படத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர் சில இடங்களில் மொட்டைக் கரையில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

இதோடு ஒப்பிட்டால் யாரும் பேசாத கரோன் கால்வாய்க் கரை ஏறக்குறைய முழுவதும் தார். மூட்டை கட்டிய சாதாரண சைக்கிளே போதும். தூலூஸ் – பொர்தோ ரயில் பாதை கூடவே ஓடுகிறது: மோந்தொபான், முவசாக், அஜான், மர்மாந்த் என்று எங்கு வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். முவசாக் மடாலயத்தின் 1100-ஆம் ஆண்டுத் தூண் வரிசையைப் பார்க்காமல் கடக்காதீர்கள். அஜானில் 539 மீட்டர் நீளத் தொட்டிப்பாலம், 23 கண். கீழே கரோன் ஆறு, மேலே கால்வாய், கால்வாய் ஓரம் நீங்கள். சைக்கிளில் இருந்தபடியே ஆற்றுக்கு மேல் படகு போவதைப் பார்ப்பது எனக்கு எந்த அரண்மனையையும் விட உசத்தி. குறை ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன்: தடம் நேர்கோடு. கிலோமீட்டர் கணக்கில் வளைவே வராது. சலிப்புத் தட்டும்போது பக்கத்துக் கிராமத்துக்கு இறங்கி, பருவத்தில் முவசாக் திராட்சையோ, அஜானின் உலர்ந்த பிளம் பழமோ வாங்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான்.

சரி, காடு வேண்டும் என்கிறவர்களுக்கு? பொர்தோவுக்குத் தெற்கே லாண்ட் பைன் காடு நினைவுக்கு வரும். 1857-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சதுப்பு நிலத்தில் வரிசை வரிசையாக நட்டு உருவாக்கியது. சமதளம், நல்ல தடம், ஏரி, கடல் எல்லாம் உண்டு. ஆனால் ஆகஸ்டில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். தீ அபாயம் உள்ள நாட்களில் காட்டுக்குள் போகவே தடை போடுவார்கள். 2022 ஜூலையில் அந்தப் பக்கம் 20,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. லாண்டுக்கு மே மாதமோ செப்டம்பரோ போங்கள்.

எனக்குப் பிடித்தது நிவெர்னே கால்வாய். ஒசேரிலிருந்து தெற்கே 174 கி.மீ., மோர்வான் மலைக்காட்டின் ஓரமாகப் போய் லுவாரில் முடிகிறது. இதன் பிறப்பே காட்டோடு சேர்ந்தது. பாரிஸ் குளிர் காய்ந்தது நூற்றாண்டுக் கணக்கில் மோர்வான் விறகில்தான். வெட்டிய கட்டைகளில் வியாபாரிகள் தத்தம் முத்திரையை அடித்து ஓடையில் போடுவார்கள். குளங்களைத் திறந்துவிட்டு வெள்ளம் உண்டாக்கிக் கீழே தள்ளுவார்கள். கிளாமசி ஊரில் பொறுக்கித் தெப்பமாகக் கட்டி யோன் ஆற்று வழியே பாரிசுக்கு ஓட்டிப்போவார்கள். அந்த விறகுப் போக்குவரத்துக்கு உதவத்தான் 1784-இல் கால்வாய் வேலையே தொடங்கியது. சார்தி கிராமத்தருகே மூன்று நான்கு கி.மீ. தூரத்துக்குள் 16 லாக். காட்டுக்குள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே மேலேறிவிடலாம். உச்சியில் கால்வாய் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும், சைக்கிள் வழி மேட்டைச் சுற்றிப் போகும். தாரும் மண்ணும் கலந்த தடம், கடைகள் குறைவு, மத்தியப் பகுதியில் ரயிலும் கையெட்டும் தூரத்தில் இல்லை. பக்கத்து வெசலே குன்றுக் கோயிலுக்கு ஏற நல்ல மூச்சு வேண்டும். ஆனால் பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஒசேருக்கு நேர் ரயில் இருப்பதால், பாரிசில் இருக்கும் நம்மவர்களுக்கு நீண்ட வார இறுதியிலேயே முதல் பாதி முடிந்துவிடும்.

ஆக, முதல் பயணத்துக்கும் குழந்தைகளுக்கும் லுவார். சாதாரண சைக்கிளோடு நிழலில் தூரம் போக கரோன். தடித்த டயரும் கட்டுமான ஆர்வமும் இருந்தால் மிடி. தனிமை வேண்டுமென்றால் நிவெர்னே. லாண்டை வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரமாவது மூடிக்கிடக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது, திங்களன்று பல ரொட்டிக்கடைகளுக்கும் விடுமுறை. சைவக்காரர்கள் உணவகத்தை நம்பாமல் காலைச் சந்தையில் தக்காளி, பழம், சீஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. காஸ்தெல்நோதாரியில் பீன்ஸ் குழம்பு என்று ஆசையாக உட்கார்ந்தால் உள்ளே வாத்தும் பன்றியும் இருக்கும். தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற வைத்த குழாய் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று பலகை இருந்தால் மட்டும் அடுத்த ஊருக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.