எட்டு ஒளிபுகு தாள்களில் பல்கேரியா: ஒரு சுவர்ப்படத் தொகுதியின் மதிப்பீடு

கடந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் அக்காவின் மகன், நான் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த சுவர்ப்படத் தொகுதியை ஒரு நீண்ட அட்டைக் குழாயில் சுற்றி எடுத்து வந்து தந்தார். பல்கேரியாவின் தரைத்தோற்றத்தைக் காட்டும் ஓர் அடிப்படைப் படம், அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிடக்கூடிய எட்டு ஒளிபுகு பிளாஸ்டிக் தாள்கள், இருபத்துநான்கு பக்கக் கைந்நூல் ஆகியவை அதில் அடங்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு காலத்து எல்லை மட்டும் வரையப்பட்டிருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் நான் மூன்று மாதங்களாக இதை வீட்டு விறாந்தைச் சுவரில் மாட்டிப் பயன்படுத்தி வருகிறேன். வாங்க எண்ணும் ஆசிரியர்களுக்கும், எல்லைகளின் வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பல்கேரியாவை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பலர் கேட்டார்கள். 1878 முதல் 1947 வரையான எழுபது ஆண்டுகளுக்குள் அந்த நாட்டின் எல்லை ஏழு முறைக்குக் குறையாமல் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் ஒரு மலையோ, ஆறோ, கடல்வழியோ இருந்தது. தரைத்தோற்றமும் அரசியலும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதை ஒரே சுவரில் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான நாட்டை நான் அறியேன். 110,994 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அது, 65,610 சதுர கிலோமீற்றர் கொண்ட நம் தீவைப்போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைந்தது. ஆகவே நம் பிள்ளைகள் மனத்தில் அளந்து பார்க்கக்கூடிய நாடும் கூட.

தொகுதியின் உயிர் அடிப்படைப் படத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் ஒரு கிலோமீற்றரைக் குறிக்கும் அளவுத்திட்டத்தில், மலைகளுக்கு நிழல் இட்டு, ஆறுகளைத் தடிப்பு வேறுபாட்டுடன் வரைந்திருக்கிறார்கள். வடக்கே டான்யூப் ஆறு ஏறத்தாழ 470 கிலோமீற்றர் தூரத்துக்கு ருமேனியாவுடனான எல்லையாக ஓடுகிறது. அந்த நீளம் முழுவதற்கும் இரண்டே பாலங்கள்தான், ரூசே நகரில் 1954 இலும் விடின் நகரில் 2013 இலும் திறக்கப்பட்டவை. படத்தில் அவை இரண்டு சிறிய கறுப்புக் கீற்றுகளாகத் தெரிகின்றன. நாட்டின் நடுவே மேற்கிலிருந்து கிழக்காகக் கருங்கடல் வரை ஸ்தாரா பிளானினா மலைத்தொடர் கிடக்கிறது. ‘பழைய மலை’ என்பது அப்பெயரின் பொருள். துருக்கியர் இதனை ‘பால்கன்’ என்று அழைத்தனர். 1808 இல் அவுகுஸ்ட் செய்ன என்ற ஜெர்மானியப் புவியியலாளர், இம்மலைத்தொடர் அட்ரியாட்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை நீள்கிறது என்ற தவறான எண்ணத்தில் தீபகற்பம் முழுவதற்கும் அப்பெயரைச் சூட்டினார். தவறு பின்னர் திருத்தப்பட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தென்மேற்கே ரிலா மலையில் 2,925 மீற்றர் உயரமான முசாலா சிகரம் இருக்கிறது. அது நம் பீதுறுதாலகாலையைவிட 401 மீற்றர் கூடியது, பால்கன் தீபகற்பத்திலேயே மிக உயர்ந்தது. அதே ரிலாவில் பிறக்கும் மரித்சா ஆறு பிளொவ்திவ் நகரைக் கடந்து, துருக்கியின் எடிர்னே அருகே தெற்கே திரும்பி, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் எல்லையாகி ஏஜியன் கடலில் விழுகிறது.

ஸ்தாரா பிளானினாவைக் கடக்கும் ஷிப்கா கணவாயை மாணவர்களுக்கு விளக்க எனக்கு அதிக நேரம் செல்லவில்லை. 1877 இல், பல்கேரியாவை ஆண்ட உதுமானியத் துருக்கியருக்கு எதிரான போரில், ரஷ்யப் படையும் பல்கேரியத் தொண்டர்களும் அந்த ஒரு வழியை ஏன் அத்தனை உயிர் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். ஆனையிறவைத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

இனித் தாள்களுக்கு வருகிறேன். முதலாவது தாள் இடைக்காலப் பேரரசுகளைக் காட்டுகிறது. 681 இல் தோன்றி 1018 இல் வீழ்ந்த முதலாம் பேரரசையும், 1185 முதல் 1396 வரை நின்ற இரண்டாம் பேரரசையும் கூர்மையான கோடுகளால் சுற்றி வளைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. அக்காலத்து ஆட்சி கோட்டைகளிலிருந்து வெளியே போகப் போக மங்கியது. அதற்கு ஒரு மெல்லிய வண்ணப் பரவல் போதுமாயிருந்திருக்கும். இந்தத் தாளை நான் பெரும்பாலும் மடித்தே வைத்திருக்கிறேன்.

இரண்டாம், மூன்றாம் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டும் போதுதான் தொகுதியின் பெறுமதி புலப்படுகிறது. அப்போரின் முடிவில், 1878 மார்ச் 3 இல் சான் ஸ்தெபானோவில் ரஷ்யாவும் உதுமானியப் பேரரசும் செய்த உடன்படிக்கை, டான்யூப் முதல் ஏஜியன் கடல் வரையும் மேற்கே ஓஹ்ரிட் ஏரி வரையும் விரிந்த ஒரு பெரும் பல்கேரியாவைத் தாளில் படைத்தது. அதே ஆண்டு யூலை 13 இல் பேர்லினில் கூடிய வல்லரசுகள் அதனை மூன்றாக வெட்டின. மக்கெடோனியா மீண்டும் சுல்தானிடம் சென்றது. மலைக்குத் தெற்கே பிளொவ்திவைத் தலைநகராகக் கொண்டு கிழக்கு ருமேலியா என்ற தன்னாட்சி மாகாணம் அமைந்தது. எஞ்சிய வடபகுதிதான் பல்கேரியச் சிற்றரசு, அதாவது முதலில் எழுதப்பட்ட பரப்பில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலே. மூன்றாம் தாளின் சிவப்புக் கோடு ஸ்தாரா பிளானினாவின் முகட்டிலேயே ஓடுவதை அடிப்படைப் படத்தின் நிழலோடு சேர்த்துப் பார்க்கும்போது, அக்கோட்டை வகுத்தவர்களின் மனம் விளங்கிவிடுகிறது. கணவாய்களைக் காக்கும் உரிமையை அவ்வுடன்படிக்கை சுல்தானுக்கே வழங்கியது, வடக்கேயிருந்து இன்னொரு படை இஸ்தான்புல் நோக்கி இறங்கக்கூடாது என்பதே அதன் கருத்து. மேற்கே மட்டும் கோடு முகட்டை விட்டு இறங்கிச் சோபியா சமவெளியைச் சிற்றரசுக்குள் சேர்த்துக்கொள்கிறது. மறு ஆண்டு சோபியாவே தலைநகரானது.

நான்காம் தாள் 1885 இன் இணைப்பைக் காட்டுகிறது. கிழக்கு ருமேலியா சிற்றரசோடு சேர்ந்ததும் மலைக்கோடு மறைந்துவிடுகிறது. பெரும்பாலான படங்கள் இதோடு நிறுத்திவிடும். இத்தொகுதியோ, அந்த இணைப்பை ஏற்பதற்கு ஈடாக 1886 இல் உதுமானியருக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட கர்ஜலி, தம்ரஷ் பகுதிகளை ரோடோப் மலைச்சரிவில் ஒரு சிறு வெட்டாகக் கவனமாக வரைந்திருக்கிறது. விரல் நுனியளவான அந்த வெட்டைக் கண்டபோது, வரைந்தவர் தம் வேலையை நேசித்தவர் என்று எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் தாளில் பால்கன் போர்கள் முடிந்த 1913, ஆறாம் தாளில் முதலாம் உலகப் போருக்குப் பிந்திய 1919, ஏழாம் தாளில் 1940 ஆகிய ஆண்டுகளின் எல்லைகள் உள்ளன. இந்த மூன்றையும் சேர்த்து மாட்டி வடக்கு எல்லையை மட்டும் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். மேற்கே டிமோக் ஆறு டான்யூபில் சேரும் இடத்திலிருந்து கிழக்கே துத்ரக்கான் நகர் வரை, எந்தத் தாளிலும் கோடு அசையவில்லை. ஆறு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு அப்பால், டான்யூப் வடக்கே திரும்பிவிட, டொப்ருஜாவின் தட்டையான புல்வெளியில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. அங்கே கோடு 1913 இல் தெற்கே நகர்ந்து தென் டொப்ருஜாவை ருமேனியாவுக்குக் கொடுக்கிறது. 1940 செப்டெம்பர் 7 இல் செய்யப்பட்ட கிரயோவா உடன்படிக்கையோடு பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. ருமேனிய அரசி மரியா கருங்கடற் கரையில் பல்சிக் நகரில் கட்டிய கோடைகால மாளிகை இன்று பல்கேரியாவில் இருப்பதற்குக் காரணம் இதுவே. அவருடைய விருப்பப்படி அங்கே வைக்கப்பட்டிருந்த அவருடைய இதயத்தை 1940 இல் ருமேனியாவின் பிரான் என்ற ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

டொப்ரிச் நகரின் மேல் விரலை வைத்துத் தாள்களை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டிய நாளில், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, “சேர், அப்ப அந்த ஊர்ச் சனம் வீட்டை விட்டு எழும்பாமலே மூண்டு நாட்டில இருந்திருக்கினமோ?” என்று கேட்டாள். 1877 இல் அங்கே பிறந்த ஒருவர் உதுமானியப் பேரரசில் பிறந்து, பல்கேரியாவில் வளர்ந்து, ருமேனியாவில் முதுமையடைந்து, மீண்டும் பல்கேரியாவில் கண்மூடியிருக்கக் கூடும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். எல்லோரும் எழும்பாமல் இருந்துவிடவும் இல்லை. 1940 இல் கோட்டோடு சேர்த்து மக்களையும் இடம் மாற்றினார்கள், தெற்கிலிருந்த ருமேனியர் வடக்கேயும் வடக்கிலிருந்த பல்கேரியர் தெற்கேயும் அனுப்பப்பட்டனர். இதைச் சொன்னபோது அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இனிக் குறைகள். முதற்குறை பெரியது. எட்டுத் தாள்களிலும் எல்லைக்கோடு ஒரே தடிப்பில், ஒரே உறுதியோடு வரையப்பட்டிருக்கிறது. சான் ஸ்தெபானோ எல்லை நான்கு மாதங்களே தாளில் நின்றது. அந்தக் கோட்டில் ஒரு பல்கேரியச் சுங்கச்சாவடியும் எழவில்லை. அதையும், இன்றுவரை நிலைக்கும் கோட்டையும் ஒரே மையில் வரைவது பார்ப்பவரைத் தவறாக வழிநடத்தும். சான் ஸ்தெபானோவில் எழுதப்பட்ட நாட்டை அடைய வேண்டும் என்ற ஏக்கமே பல்கேரியாவைப் பின்வந்த போர்களுக்குள் இழுத்தது. ஆகவே எழுதப்பட்டது எது, வாழப்பட்டது எது என்ற வேறுபாடு இந்நாட்டின் வரலாற்றில் அலங்காரப் பிரச்சினை ஆகாது.

இதே குறை எட்டாம் தாளில் பாரதூரமாகிறது. 1941 முதல் 1944 வரை ஜெர்மனியின் கூட்டாளியாகப் பல்கேரியா பிடித்து வைத்திருந்த வர்தார் மக்கெடோனியாவும் (இன்றைய வட மக்கெடோனியா) மேற்குத் திரேசும் (கிரேக்கத்தின் வடகிழக்குப் பகுதி), நாட்டின் ஏனைய பகுதியைப் போன்றே இளம்பச்சையில் நிரப்பப்பட்டுள்ளன. 1943 மார்ச்சில் அந்த ஆக்கிரமிப்புப் பகுதிகளிலிருந்து 11,000 க்கும் மேற்பட்ட யூதர்கள் பல்கேரிய அதிகாரிகளால் பிடிக்கப்பட்டு நாசிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர், அவர்கள் திரெப்ளிங்கா கொலைமுகாமில் கொல்லப்பட்டனர். பழைய எல்லைக்குள் வாழ்ந்த ஏறக்குறைய 48,000 யூதர்கள், பாராளுமன்ற உறுப்பினர்களும் திருச்சபைத் தலைவர்களும் எழுப்பிய எதிர்ப்பினால் நாடுகடத்தலிலிருந்து தப்பினர். உயிருக்கும் சாவுக்கும் இடையே கிடந்த ஒரு கோட்டை அந்தப் பச்சை நிறம் மறைத்துவிடுகிறது. கைந்நூலில் இச்செய்தி இரண்டு வரிகளில் வருகிறது. சுவரைப் பார்க்கும் பிள்ளை கைந்நூலைத் திறப்பதில்லை. அடுத்த பதிப்பில் அப்பகுதிகளுக்குச் சாய்கோட்டு நிரப்பல் இட வேண்டும் என்று வெளியீட்டாளருக்கு எழுதியிருக்கிறேன்.

திகதிகளிலும் ஒழுங்கில்லை. பல்கேரியா 1916 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது, அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 நாட்களும் இருபதாம் நூற்றாண்டில் 13 நாட்களும் பிந்தியது. தொகுதியில் பேர்லின் உடன்படிக்கை புதிய கணக்கில் யூலை 13 என்றும், 1885 இன் இணைப்பு பழைய கணக்கில் செப்டெம்பர் 6 என்றும், 1908 இன் சுதந்திரப் பிரகடனம் புதிய கணக்கில் ஒக்டோபர் 5 என்றும் எந்தக் குறிப்புமின்றி அச்சாகியிருக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை இது குழப்பும்.

பொருளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிப்படைப் படம் தடித்த லமினேற் தாளில் இருப்பதால் எந்தப் பழுதும் இல்லை. ஒளிபுகு தாள்கள் மேற்சட்டத்தின் இரண்டு முளைகளில் மட்டுமே தொங்குகின்றன, கீழே பிடிப்பு இல்லை. நம் ஊர் வெக்கையில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மாரி தொடங்கியதும் ஓரங்கள் சுருளும். சுருண்ட தாள் மூன்று மில்லிமீற்றர் விலகினால் எல்லை மூன்று கிலோமீற்றர் விலகிவிடுகிறது. ஒரு நாள் டான்யூப் எல்லை ஆற்றை விட்டு ருமேனிய வயலில் கிடந்தது. உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டைக் கீழ்மூலைகளில் போட்ட பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. தாள்களுக்கிடையே மெல்லிய எண்ணெய்த்தாள் வைத்துச் சுற்றினால் ஒட்டுவதும் குறைகிறது. இடப்பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால் முப்பது பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டினேன்.

விலை, அனுப்பும் செலவு நீங்கலாக, நம் காசில் ஏறத்தாழ 14,000 ரூபாய் ஆயிற்று. ஒரு தனி ஆசிரியருக்கு இது சிறிய தொகை அன்று. பாடசாலையோ நூலகமோ வாங்கி, பல வகுப்புகள் மாறி மாறிப் பயன்படுத்துமானால் தயங்காமல் வாங்கலாம் என்பேன். வீட்டில் பார்த்து மகிழ மட்டும் விரும்புவோர் ஒரு நல்ல வரலாற்று அத்லசோடு நின்றுகொள்ளலாம்.

ஒரு தாள் குறைகிறது என்பதை முதல் வாரத்திலேயே கண்டேன். 1913 இல் ஏஜியன் கரையும் டெடெஅகாச் (இன்று கிரேக்கத்தின் அலெக்சாந்திரூபொலி) துறைமுகமும் பல்கேரியாவுக்குக் கிடைத்தன, ஆனால் துறைமுகத்துக்குப் போகும் புகையிரதப் பாதை எடிர்னே அருகே உதுமானிய நிலத்துக்குள் புகுந்தே சென்றது. தன் துறைமுகத்துக்கு அயல்நாட்டைக் கடந்து போக வேண்டிய நிலை அது. 1915 இல் பல்கேரியாவை முதலாம் உலகப் போரில் தம் பக்கம் சேர்ப்பதற்காக உதுமானியர் மரித்சாவை ஒட்டிய அந்தத் துண்டை விட்டுக்கொடுத்தனர். அப்போரில் தோற்ற பல்கேரியாவோடு 1919 நவம்பர் 27 இல் செய்யப்பட்ட நெய்யி உடன்படிக்கை கரையையும் துறைமுகத்தையும் சேர்த்துப் பறித்தது. இந்த நான்கு ஆண்டுகளின் எல்லை தொகுதியில் எங்கும் இல்லை. யாழ்ப்பாணம் நகரில் ஒரு காகிதாதிக் கடையில் ஒளிபுகு தாள் வாங்கி, மரித்சாவின் வளைவைப் பின்பற்றி அந்தக் கோட்டையும் பாதையையும் நானே வரைந்தேன். முளைகளுக்கான துளைகளை மாணவர்கள் அளந்து இட்டார்கள். ஐந்தாம் தாளுக்கும் ஆறாம் தாளுக்கும் இடையே அது இப்போது தொங்குகிறது.