இரவு முழுவதும் ஓடும் ஆஃப்ரோடு போட்டிக்கு எது ஏற்றது: எஃகு வடமா, இழைக் கயிறா?

மாலையில் புறப்பட்டு விடியும் வரை நான்கைந்து வண்டிகள் சேர்ந்தே கரடுமுரடான தடங்களைக் கடக்க வேண்டிய போட்டிகளில், வண்டி சேற்றில் புதைவதும் அதை வின்ச் (வண்டியில் பொருத்திய இழுவை இயந்திரம்) கொண்டு இழுத்து மீட்பதும் ஒரே இரவில் பலமுறை நிகழும். அந்த வின்சின் உருளையில் எஃகு வடத்தைச் சுற்றுவதா, செயற்கை இழைக் கயிற்றைச் சுற்றுவதா என்ற கேள்விக்கு, சில ஆண்டுகள் எஃகைப் பயன்படுத்திவிட்டுக் கடந்த இரண்டு பருவங்களாகக் கயிற்றுக்கு மாறியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கும் எண்ணம் இல்லை.

எடை வேறுபாடு எல்லோரும் அறிந்ததே. 10 மில்லிமீட்டர் தடிமனில் 30 மீட்டர் எஃகு வடம் ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். கயிறு 2 கிலோவைத் தாண்டுவது அரிது. டைனீமா போன்ற பெயர்களில் விற்கப்படும் அந்தப் பாலிஎத்திலீன் இழை நீரில் மிதக்கும் என்பதால், இருட்டில் ஓடையைக் கடக்கும்போது கயிற்றைத் தேடி எடுப்பதும் எளிது. பாதுகாப்பைப் பொறுத்தவரை, எடை குறைந்த கயிறு அறுந்தால் எஃகைப் போலச் சாட்டையாக வீசியடிப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் கட்டிய இடம் பெயர்ந்துவிட்டால் முனையிலுள்ள ஷேக்கிள் என்னும் இரும்புக் கொளுவி இரண்டிலும் ஒரே மாதிரிதான் பறந்து வரும். கயிறு என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லி, அதன் மேல் கனமான போர்வை போடாமல் இழுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என்னை மாற வைத்தது இவற்றில் எதுவும் அன்று. நள்ளிரவுக்குப் பிறகு தடத்தின் நடுவிலேயே பழுது பார்க்க முடிகிறதா என்ற ஒன்றுதான். எஃகு வடம் ஒருமுறை முறுக்கி மடிந்துவிட்டால் அந்த இடத்தின் வலிமை திரும்பாது. முடிச்சுப் போட இயலாது. கிளிப் வைத்து இணைத்தால் வலிமை குறைவதோடு, அந்த இணைப்பு உருளையில் ஒழுங்காகச் சுற்றிக்கொள்வதும் இல்லை. எனக்கு அப்படி நேர்ந்த இரவில், எங்கள் குழுவில் ஒரு வின்ச் குறைந்தது என்பதைவிட, வண்டிகளின் வரிசையே குலைந்தது என்பதுதான் பெரிய இழப்பு. கடைசி வண்டியும் வந்து சேர்ந்த பிறகே நேரம் கணக்கிடப்படும் போட்டியில், பின்னால் வருபவரை இழுக்க வேண்டிய நான், பிறர் இழுக்கக் காத்திருந்தேன். அறுந்த கம்பி இழைகள் கையுறையைத் துளைத்தது தனிக் கதை.

இழைக் கயிறோ பன்னிரண்டு புரிகளைக் கொண்டு உள்ளீடற்றதாகப் பின்னப்பட்டது. அறுந்தால் ஒரு முனையை மற்றதன் உள்ளே செலுத்தி, அதேபோல எதிர் முனையையும் செலுத்திவிட்டால், இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி உள்ளிருப்பதைக் கவ்விக்கொள்ளும். உள்ளே செல்லும் நீளம் கயிற்றின் தடிமனைப் போலச் சுமார் 72 மடங்கு, அதாவது 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு முனை ஒவ்வொன்றிலும் 70 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அவசரத்தில் இதைக் குறைத்தால் இணைப்பு நழுவும். சென்ற பருவத்தில் பாறை விளிம்பில் உராய்ந்து அறுந்த கயிற்றை, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அரை மணி நேரத்துக்குள் இணைத்து, விடியும் வரை அதையே பயன்படுத்தினேன். வீட்டில் இரண்டு மூன்று முறை பழகியிராவிட்டால் அந்தக் களைப்பில் கை வந்திருக்காது.

பராமரிப்பில் எஃகுதான் வெல்கிறது. அதைத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். கயிற்றையோ ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் முழுவதும் அவிழ்த்து, வெறும் நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சற்றே இழுவிசை கொடுத்துத் திரும்பச் சுற்ற வேண்டும். புரிகளுக்குள் தங்கும் மணல் உள்ளிருந்தே இழையை அரிக்கும். வெயிலும் அதற்குப் பகை. வின்சின் பிரேக், கயிறு சுற்றும் உருளைக்குள்ளேயே அமைந்திருந்தால், சரிவில் வண்டியை நெடுநேரம் இறக்கும்போது உருளை சூடேறும். 150 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும் இழை அதற்கு முன்பே வலிமை இழக்கத் தொடங்கிவிடும். வடம் வின்சிலிருந்து வெளியேறும் வாயிலில் உள்ள, எஃகு கீறிய பழைய உருளை வழிகாட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் மாற்றுவதும் தவறு. வழவழப்பான அலுமினிய வழிகாட்டி கட்டாயம் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வின்சைத் தொடுபவருக்கும், வண்டியை வெயிலிலேயே நிறுத்துபவருக்கும் எஃகையே பரிந்துரைப்பேன். கூரிய பாறைகள் மட்டுமே நிறைந்த தடங்களில் நான் அதிகம் ஓட்டியதில்லை. என் கயிற்றுக்கு இரண்டு பருவ வயதுதான் என்பதால், ஐந்தாம் ஆண்டில் அது எந்த நிலையில் இருக்கும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் இல்லை. எஃகோடு தொடர்பவர்கள், இருட்டுவதற்கு முன்பே வடத்தின் முதல் சில மீட்டர்களை அவிழ்த்து, மடிப்போ அறுந்த இழையோ உள்ளதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது.