ஐவித் தண்டு: பச்சையில் செதுக்குவதா, காயவிட்டா?

கரண்டிக்குப் பச்சை (வெட்டியவுடன், ஈரம் காயாத தண்டு), மூடி போட்ட சிமிழுக்குக் காய்ந்தது. ஐவியில் இதை மாற்றிச் செய்தால் இரண்டுமே கெடும். ஐவி ஒரு கொடி. வயதான கொடியின் அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன் வந்தாலும் கட்டை மென்மையாக, துளை மிகுந்துதான் இருக்கும்.

பச்சையில் வேலை சுகம். கத்திக்கு எதிர்ப்பே இல்லாமல் சீவல் நீளமாகச் சுருண்டு விழும். குழி தோண்ட வளைகத்தி ஒன்றே போதும். ஆனால் முதலில் தண்டை நெட்டி (தண்டின் நட்டநடுவே ஓடும் மென்மையான பகுதி) வழியாக இரண்டாகப் பிளந்து, நெட்டியைச் சுற்றி அரை செ.மீ. அளவுக்குச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். காயும்போது மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நெட்டியை விட்டுவைத்தால் அந்த இழுவிசைக்குப் போக்கிடம் இல்லாமல் கட்டை அங்கிருந்தே வெடிக்கும். கிண்ணப் பகுதியின் கனம் எங்கும் சுமார் 8 மி.மீ. இருக்கட்டும், ஓரம் மெலிந்து அடி தடித்தால் ஓரம் முந்திக் காய்ந்து கீறல் விடும். பிறகு சீவல்களோடு காகிதப் பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்து, தினமும் எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். பாலித்தீன் பையில் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம், வெளிர் மரத்தில் பூஞ்சைக் கறை சீக்கிரம் படியும்.

பச்சைச் சாற்றில் ஃபால்காரினால் என்ற, தோலை உறுத்தும் வேதிப்பொருள் உண்டு. தோல் சிவந்து கொப்புளிக்கலாம். கையுறை கட்டாயம்.

காயவிடுவதென்றால், வெட்டிய உடனே இரு முனைகளிலும் மெழுகு பூசி, பிளந்து அடுக்க வேண்டும். 25 மி.மீ. கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர் கணக்கு. இந்தக் கட்டையில் உளி கொஞ்சம் மழுங்கினாலும் நார் பிய்ந்து பஞ்சுபோல் நிற்கும். உப்புத்தாளால் அதை அடக்கப் பார்க்காமல் உளியைத் தீட்டுங்கள். ஆனால் காய்ந்த கட்டையில் செய்தால் அளவு பிசகாது. பச்சையில் வட்டமாகக் கடைந்த சிமிழ் காய்ந்ததும் நீள்வட்டமாகி, மூடி ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஆடும்.

கரண்டிக்கு நான் சொல்வது: பச்சையில் உருவம் எடுத்து, காய்ந்தபின் கடைசிச் சீவலும் உப்புத்தாளும் (முகமூடியோடு). அதையும் மாவு, உப்பு அள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் குழம்புக்கு இந்தத் துளைக் கட்டை ஆகாது. தண்ணீர் கலந்த திராட்சை மதுவை ஐவிக் குவளையில் ஊற்றினால் மது கசிந்து நீர் தங்கும் என்று ரோமானியர் கேட்டோ (கி.மு. 234–149) எழுதினார். இரண்டும் அப்படிப் பிரியாது. ஆனால் துளைக் கட்டையில் திரவம் கசியும் என்பது உண்மை.

விஷ ஐவி முற்றிலும் வேறு செடி, காம்புக்கு மூன்று சிற்றிலை. காய்ந்த தண்டிலும் தோலைக் கொப்புளிக்க வைக்கும் அதன் உருஷியால் எண்ணெய் தங்கியிருக்கும். அதைச் செதுக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது.