மரமா, எஃகா? 1948இல் வீடு தேடிய அமெரிக்கக் குடும்பத்துக்கு எது நல்ல தேர்வு?

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பியபோது அமெரிக்காவில் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டின் ஒரே அறையில் காலம் தள்ளிய தம்பதிகள் ஏராளம். இந்த நெருக்கடிக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக வழி கண்டார்கள். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947 முதல் ஒரே மாதிரியான மர வீடுகளை வரிசையாக எழுப்பினார் வில்லியம் லெவிட். அதுதான் லெவிட்டவுன். ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில், போர் விமானங்கள் செய்த ஆலையிலேயே எஃகு வீட்டைப் பாகம் பாகமாகத் தயாரித்து லாரியில் அனுப்பினார் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட். அந்த வீட்டின் பெயர் லஸ்ட்ரான்.

விலையில் போட்டியே இல்லை. லெவிட்டின் முதல் வீடுகள் மாதம் 60 டாலர் வாடகைக்கு வந்தன. பிறகு 8,000 டாலருக்குள் விற்பனைக்கு வந்தன. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீட்டுக்கடன் கிடைக்க வழி செய்த 1944ஆம் வருடப் படைவீரர் சட்டத்தின் துணையால், கையில் முன்பணம் இல்லாத படைவீரரும் வாங்க முடிந்தது. லஸ்ட்ரான் 7,000 டாலருக்குக் கிடைக்கும் என்று சொல்லி ஆரம்பித்தார்கள். நடைமுறையில் பல இடங்களில் 10,000 டாலரைத் தாண்டியது. மனையை நாமே தேடிக்கொள்ள வேண்டும், அது தனிச் செலவு.

ஆனால் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் லஸ்ட்ரானைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. லெவிட்டின் முதல் வீடு 750 சதுர அடி: இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரு கூடம், சமையலறை. லஸ்ட்ரானின் இரண்டு படுக்கையறை வீடு ஆயிரம் சதுர அடியைத் தாண்டும். அலமாரிகள், புத்தகத் தட்டுகள், படுக்கையறையில் கண்ணாடி வைத்த ஒப்பனை மேசை எல்லாம் சுவரோடு சேர்ந்தே வரும். கதவுகள் சுவருக்குள் நகர்ந்து மறைவதால் இடம் வீணாகாது. இரண்டு வீடுகளுமே கான்கிரீட் தளத்தின் மேல் நிற்பவை, நிலவறை கிடையாது. அந்த ஊர்களில் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் நிலவறைக்குத்தான் போகும். அது இல்லாதபோது இந்த அலமாரிகளின் அருமை தெரியும்.

லஸ்ட்ரானின் சுவர், கூரை, உட்புறம் எல்லாமே எனாமல் பூசிச் சுட்ட எஃகுத் தகடு. குளியல் தொட்டிக்கும் அடுப்புக்கும் போடும் அதே பூச்சுதான். பெயிண்ட் அடிக்க வேண்டாம், கறையான் வராது, குழந்தை கிறுக்கினால் ஈரத்துணி போதும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டைத் துடைத்தே ஓய்ந்துபோன ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! அதே சுவரில் ஒரு ஆணி அடித்துப் பாருங்கள். பூச்சு சில்லுச் சில்லாகத் தெறிக்கும், அந்த இடத்தில் துருப் பிடிக்கும். படம் மாட்டக் காந்தம்தான் வழி.

சூடேற்றும் ஏற்பாட்டிலும் இரண்டும் எதிரெதிர். லெவிட் வீட்டில் கான்கிரீட் தளத்துக்குள் செப்புக் குழாய்களைப் பதித்து வெந்நீர் ஓடவிட்டார்கள். பனிக்காலத்தில் குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாடலாம். வருடங்கள் கழித்துக் குழாய் ஒழுகினால் தளத்தை உடைக்க வேண்டும் என்பது அதன் கெடுதல். லஸ்ட்ரானில் சூடு அறையின் உட்கூரைத் தகட்டிலிருந்து இறங்கும். தலை சூடாக இருக்கும், கால் சில்லிட்டுப் போகும். இந்த ஒன்றுக்காகவே நான் லெவிட் வீட்டின் பக்கம் சாய்வேன்.

சலவை இயந்திரத்திலும் அப்படியே. லெவிட் சமையலறையில் பெண்டிக்ஸ் இயந்திரம் இருந்தது, துணியை மட்டும் துவைக்கும். லஸ்ட்ரானில் தோர் நிறுவனத்தின் இயந்திரம் துணியும் துவைக்கும், பாத்திரமும் கழுவும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் தொட்டியைக் கழற்றி மாற்ற வேண்டும். மூன்று வேளைப் பாத்திரத்துக்கும் குழந்தைத் துணிக்கும் நடுவே யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பரண்தான். லெவிட் வீட்டுக்குள்ளிருந்து மாடிப்படி ஏறினால் மேலே கூரைக்கு அடியில் வேலை முடியாத பரண், வெறும் மரச் சட்டங்கள். இரண்டாவது, மூன்றாவது குழந்தை பிறந்ததும் அப்பாமார் சனி, ஞாயிறுகளில் சுத்தியலும் ரம்பமுமாக அங்கே ஏறினார்கள். பலகை அடித்து, மின்கம்பி இழுத்து, கூரையைத் துளைத்து ஜன்னல் எடுத்து இரண்டு அறை சேர்த்தார்கள். ஊர் முழுக்க ஒரே அளவு வீடு என்பதைக் குறையாகவே சொல்கிறார்கள். வேலை தெரியாத ஆளுக்கு அதுதான் பெரிய பலம். பக்கத்து வீட்டுக்காரர் அளந்து வெட்டிய பலகையின் கணக்கு நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். அவர் செய்த தப்பை நாம் செய்ய வேண்டியதில்லை. பின்னால் சிலர் சமையலறையை நீட்டினார்கள், சிலர் கார் நிறுத்தக் கொட்டகை போட்டார்கள். லஸ்ட்ரானில் இப்படி ஒரு அறை சேர்க்க நினைத்தால் எந்தத் தச்சருக்கும் எங்கே கை வைப்பது என்று தெரியாது.

இத்தனைக்கும் லெவிட் குடியிருப்பில் கட்டுப்பாடுகள் கடுமை: வேலி போடக்கூடாது, புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும், வார இறுதியில் துணி காயப்போடக் கூடாது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த வாசகம். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் லெவிட் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. அவர்களும் அதே போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள்தான். 1957இல், பென்சில்வேனியாவில் லெவிட் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் வில்லியம், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி மறுவிற்பனையில் ஒரு வீடு வாங்கிக் குடியேறியபோது கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. லெவிட் வீட்டுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் எதுவும் இந்த அநியாயத்தை மறைத்துவிடக் கூடாது.

அந்த வீட்டை வாங்க அனுமதி இருந்த, பிள்ளைகள் பெருகப்போகிற குடும்பத்துக்கு லெவிட் வீடுதான் சரி. கையில் காசும் சொந்த மனையும் இருந்து, பராமரிப்புத் தொல்லையே வேண்டாம் என்று நினைத்த சிறு குடும்பத்துக்கு லஸ்ட்ரான்.

அரசு 3 கோடி டாலருக்கும் மேல் கடன் கொடுத்தும் லஸ்ட்ரான் நிறுவனம் 1950இல் மூழ்கியது. சுமார் 2,500 வீடுகளோடு தயாரிப்பு நின்றுபோனது. லெவிட் லாங் ஐலண்டில் மட்டும் 17,000க்கு மேல் கட்டி முடித்தார். இன்று அங்கே கை படாத பழைய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லஸ்ட்ரான் வீடுகளில் பல இன்னும் பழைய நீலத்திலும் மஞ்சளிலும் பளபளவென்று நிற்கின்றன. ஒரு தகடு நசுங்கினால் புதிது செய்து தர ஆலை இல்லை. எங்காவது இன்னொரு லஸ்ட்ரானை இடிக்கிறார்களா என்று விசாரித்து அங்கிருந்து கழற்றி வர வேண்டும்.