அம்மாவின் மயக்கமும் ஜார்ஜ்டவுன் கிளினிக்கும்

கடந்த தைப்பூசத்தன்று மலேசியாவின் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் அடிவாரத்தில், பால்குடத்துடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற என் தாயார், 513 படிகளில் ஒன்றைக்கூட மிதிக்கும் முன்னரே கண் இருட்டிச் சரிந்தார். சுற்றி நின்றவர்கள் பதறித் தூக்கி, தண்ணீர்ப் பந்தலில் இருந்த நாற்காலியில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தெளிந்துகொண்டிருந்தவர் மறுபடியும் மயங்கினார். சின்னம்மா திருஷ்டி என்றார். எனக்கு மாரடைப்போ என்ற அச்சம். மறுவாரமே ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தனியார் இதய கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது மருத்துவர் கேள்வி கேட்ட விதம். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், விழுவதற்கு முன் வியர்த்ததா, காது அடைத்ததா, நெஞ்சு படபடத்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டீர்களா, எழுந்ததும் இடம் தெரிந்ததா, குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்ததுண்டா என்று தமிழிலேயே நிதானமாகக் கேட்டு, அம்மா சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு ஒரு இசிஜி எடுத்தார்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை. அடுத்து, தாதி அம்மாவைச் சிறிது நேரம் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்: 138/80. எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் அது 110/68. நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம் என்றார் மருத்துவர். பல ஆண்டுகளாக அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தவர்கள் எவரும் அவரை நிற்க வைத்துப் பார்த்ததில்லை.

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. நாளங்கள் சுருங்கியும் இதயம் சற்று வேகமாகத் துடித்தும் அதை ஈடுசெய்ய வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் தசைகளும் இரத்தத்தை மேலே தள்ளும், அசையாமல் நின்றால் அதுவும் இல்லை. விரதம், வெயில், தினமும் விழுங்கும் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் வெளியேற்றுவது) ஆகிய மூன்றும் சேர்ந்ததில் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்திருக்கிறது. தரையில் படுக்க வைத்துக் கால்களைத் தூக்கியிருந்தால் போதும், நாற்காலிதான் இரண்டாவது மயக்கத்தைத் தந்தது என்றார். (தூக்கியவர்களில் நானும் ஒருவன்.) அலகு குத்துவதைப் பார்த்தே சிலர் மயங்குவது வேறு வகை, அதில் நரம்புத் தூண்டலால் இதயத்துடிப்பே மந்தமாகி, நாளங்களும் தளர்ந்துவிடுகின்றனவாம்.

நீர் மாத்திரையின் அளவை மருத்துவரே குறைத்தார். நாமாக நிறுத்தக் கூடாது என்பதை இருமுறை சொன்னார். காலையில் கட்டிலின் ஓரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். கண் மங்கினால் உடனே உட்கார வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் இடுப்பையும் இறுக்க வேண்டும். இதை அம்மாவைச் செய்யச் சொல்லிப் பார்த்த பின்னரே விட்டார். உடலை வருத்தும் வேலையின் நடுவிலோ, முன்னறிகுறி ஏதுமின்றியோ, நெஞ்சுவலியோடோ மயக்கம் வந்தால் கிளினிக்கைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் எச்சரித்தார்.

குறைகளும் உண்டு. மயங்கி விழுபவர்கள் வரும் இடத்தில், பதிவு முகப்பில் இருபது நிமிடம் நிற்க வைத்தார்கள். நாற்காலி கேட்டதற்கு, வரிசை போய்விடும் என்றார் அங்கிருந்த பெண். மொத்தக் கட்டணம் 230 வெள்ளி (ரிங்கிட்). ஸ்கேன் எதையும் தலையில் கட்டாததால் அது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. ஆனால் கையில் கொடுத்த அறிவுரைத் தாள் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்பதால், நான் அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.